அண்ணாச்சியைக் கேளுங்கள்: வானம் ஒரு தடவைதான் தோண்டுவது

கேள்வி: அண்ணாச்சி, நான் வள்ளியூர்ப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறேன். நாங்கள் போகிற சபையில் போன வருஷம் வரை பாஸ்டராக இருந்தவர் பெயருக்கு முன்னால் இப்போது நோட்டீஸில் ‘அப்போஸ்தலர்’ என்று போடுகிறார்கள். பவுலுக்கு இருந்த அதே அதிகாரம் தனக்கும் உண்டு என்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வா, இல்லாவிட்டால் உன்மேல் தேவன் வைத்த நோக்கம் வீணாய்ப் போகும் என்று என்னிடம் சொன்னார். எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே’ என்று வசனம் வருகிறது. அம்மாவின் மருந்துச் செலவு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. என்ன செய்ய?

பதில்: தம்பி, முதலில் வேலைக்குப் போ. நாளைக்குக் காலை ஷிப்ட் என்றால் காலையிலேயே போ. மற்றதை அப்புறம் பேசுவோம்.

சரி, இப்போது பேசலாம். அப்போஸ்தலன் என்றால் அனுப்பப்பட்டவன், அவ்வளவுதான் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தம். ஆனால் இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டு அந்தப் பெயரை வைத்தபோது அது ஒரு தனி வேலைக்கான பெயராகிவிட்டது. அந்த வேலைக்கு என்ன தகுதி என்பதை யூதாஸ் போன பிறகு அவன் இடத்துக்கு ஆள் தேடிய கதையில் பார்க்கலாம் (அப்போஸ்தலர் நடபடிகள் 1). மேலறையில் கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய 120 பேர். பேதுரு எழுந்து நின்று, நன்றாகப் பிரசங்கம் பண்ணுகிறவர் யார், யாருக்குக் கூட்டம் சேரும் என்றெல்லாம் கேட்கவில்லை. யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் முதல் ஆண்டவர் பரமேறிய நாள் வரை நம்மோடேயே இருந்தவனாக இருக்க வேண்டும், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்றார். இத்தனை பேரில் முன்னால் நிறுத்தப்பட்டது இரண்டே பேர்: யோசேப்பு, மத்தியா. சீட்டுப் போட்டார்கள், மத்தியாவுக்கு விழுந்தது.

ஆக, கேட்கப்பட்டது கண்ணால் கண்ட சாட்சி. பாளையங்கோட்டை கோர்ட்டில் ஒரு கொலைக் கேஸ் நடக்கிறது, சாட்சி இறந்துபோனார் என்று வைத்துக்கொள். அவர் மகன் கூண்டில் ஏறி, ‘அப்பா பார்த்ததை நானும் பார்த்தேன்’ என்று சொன்னால் ஜட்ஜ் என்ன செய்வார்? இறங்கு என்பார். அப்பா எழுதிக்கொடுத்த வாக்குமூலம் இருந்தால் கொண்டுவந்து வாசி, கேட்கிறேன் என்பார். நம் கையில் இருக்கிற புதிய ஏற்பாடு அந்த வாக்குமூலம்தான். வயலை எழுதி வைக்கலாம், வீட்டை எழுதி வைக்கலாம், கண்ணால் பார்த்ததை யாருக்கு எழுதி வைப்பது?

பவுல் பன்னிருவரோடு திரிந்தவர் கிடையாதே என்று உன் பாஸ்டர் கேட்பார். கேட்கட்டும். பவுலே தன் தகுதிக்கு முதலில் எடுத்துப் போடுகிறது ‘நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை நான் தரிசிக்கவில்லையா’ என்பதைத்தான் (1 கொரிந்தியர் 9). உயிர்த்தவரைப் பார்த்தவர்களின் வரிசையைச் சொல்லி, ‘எல்லாருக்கும் பின்பு’ அகாலப்பிறவி போன்ற எனக்கும் தரிசனமானார் என்று வரிசையைத் தன்னோடு முடிக்கிறார். அப்படிப்பட்டவரும் 14 வருஷம் கழித்து எருசலேமுக்குப் போய், தான் பிரசங்கிக்கிற சுவிசேஷத்தை அங்கே இருந்தவர்கள் முன்னால் விவரித்துக் காட்டினார், அவர்கள் வலது கை கொடுத்தார்கள். உன் பாஸ்டர் யாரிடம் போய் விவரித்தார்? இது கோபத்தில் கேட்கிறதில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

இன்னொன்று. யூதாஸ் இடத்துக்கு ஆள் போட்டவர்கள், செபதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் வெட்டினபோது அவர் இடத்துக்கு ஆள் போட்டதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. துரோகம் பண்ணினவன் இடம் காலியாயிற்று, இரத்தசாட்சியாய் மரித்தவர் இடம் காலியாகவில்லை. நாற்காலி விடாமல் கைமாறிக்கொண்டே போகிற பதவியாக அதை அவர்கள் நினைத்திருந்தால் அன்றைக்கே இன்னொரு தடவை சீட்டுப் போட்டிருப்பார்கள். (மேற்றிராணியார், பேராயர் என்று வழிவழியாக வருவதைப் பற்றிக் கத்தோலிக்கர் ஒன்று சொல்வார்கள், சி.எஸ்.ஐ.யில் ஒன்று சொல்வார்கள், அதற்குத் தனி இதழ் வேண்டும். ஆனால் அப்போஸ்தலரின் போதனையைக் காக்க வந்தோம் என்றுதான் கத்தோலிக்கரும் சொல்கிறார்கள், புதிதாகச் சேர்க்க வந்தோம் என்று அவர்களே சொல்வதில்லை.)

எபேசியர் 2இல் பவுல் சபையை ஒரு கட்டடம் என்கிறார், அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் அஸ்திபாரம், இயேசு மூலைக்கல். நம்ம ஊரில் வீடு கட்டுகிறதைப் பார்த்திருப்பாய். வானம், அதாவது அஸ்திபாரக் குழி, தோண்டி, கல்லும் ஜல்லியும் போட்டு நிரப்பி, தரைமட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சுவர் எழும்பும். மாடி எடுக்கிற அன்றைக்கு ஒரு கொத்தனார் கடப்பாரையோடு மேலே ஏறி ‘இங்கேயும் ஒரு வானம் தோண்டணும்’ என்றால் கையாள் பையன்கூட கீழே இறங்கிப் போய்விடுவான்.

அந்த வசனத்துக்கு வருவோம். ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்’ என்பது சங்கீதம் 105. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, தேசம் தேசமாய் அலைந்தபோது அந்நிய ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி சொன்னது. ஃபிட்டர் வேலைக்குப் போகிற பையன் கேள்வி கேட்கக் கூடாது என்று சொன்னதில்லை. அபிஷேகம் பண்ணப்பட்ட தாவீது ராஜாவிடமே நாத்தான் தீர்க்கதரிசி போய், அவர் செய்த பாவத்தைச் சுட்டி ‘நீயே அந்த மனுஷன்’ என்று சொன்னான். பவுல் அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் பேசினதையே தினமும் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று எழுதியிருக்கிறது. எபேசு சபையைப் பாராட்டுகிறபோது, தங்களை அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சோதித்தாயே என்பதும் அந்தப் பாராட்டில் ஒன்று (வெளிப்படுத்தல் 2). பவுல் இன்னும் ஒரு படி மேலே போய், நானே வந்து வேறு சுவிசேஷம் சொன்னாலும் சபிக்கப்பட்டவன் என்கிறார். உண்மையான அதிகாரம் உள்ளவர் இப்படித்தான் பேசுவார்.

உன் அம்மா மருந்து விஷயத்துக்கு மாற்கு 7ஐ எடுத்துப் பார். ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லிவிட்டுத் தாய் தகப்பனுக்குக் கொடுக்காமல் இருக்கிறதை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று வாசி. அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு நீ ஊழியத்துக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகலாம். ஆனால் ஒரு மனுஷன் மிரட்டி எழுப்புகிற அழைப்பை ஆறப்போடு. சண்டை வேண்டாம், நோட்டீஸைக் கிழிக்க வேண்டாம், வயதில் மூத்த விசுவாசி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் மரியாதையாக ஒரு தடவை பேசு. அவர் கேட்கவில்லை என்றால் வேறு கோயிலுக்குப் போ, வள்ளியூரில் கோயிலுக்கா பஞ்சம்?

கேள்வி: மத்தியாவைச் சீட்டுப் போட்டு எடுத்தது பேதுருவின் அவசரம், பன்னிரண்டாவது ஆள் பவுல்தான் என்று எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர் சொல்கிறார். சரியா? (நாசரேத் வாசகர்)

பதில்: இல்லை. அப்போஸ்தலர் 6இல், பவுல் இன்னும் சவுல் என்ற பெயரில் சபைக்கு எதிரியாக இருந்த காலத்திலேயே, ‘பன்னிருவரும்’ சீஷர் கூட்டத்தை வரவழைத்தார்கள் என்று வருகிறது. மத்தியாவைச் சேர்த்தால்தான் கணக்கு வரும். பவுலும் ‘பன்னிருவருக்கும் தரிசனமானார்’ என்று எழுதும்போது தன்னை அதில் சேர்க்காமல் கடைசியில் தனியாகத்தான் சொல்கிறார். ஆசிரியரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மிஷனெரி ரேனியஸ் ஐயரைத் ‘திருநெல்வேலி அப்போஸ்தலன்’ என்று நாமே மேடைக்கு மேடை சொல்கிறோம். அப்புறம் இன்றைக்கு ஒருவர் அப்படிப் போட்டுக்கொண்டால் மட்டும் ஏன் குத்துகிறது? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: நல்ல குத்து, எனக்குத்தான் குத்தினீர்கள். பிலிப்பியர் 2இல் எப்பாப்பிரோதீத்துவைப் பவுல் உங்கள் ‘ஸ்தானாபதி’ என்று சொல்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது அதே அப்போஸ்தலன் என்ற சொல்தான். சபை அனுப்பின ஆள் என்று அர்த்தம். நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் புத்திசாலித்தனமாக வேறு வார்த்தை போட்டார்கள். ரேனியஸுக்கு நாம் சொல்வது இந்த இரண்டாவது அர்த்தத்தில். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார், ஊசிக் கோபுரக் கோயில் அவர் காலத்தில் எழும்பினது, 1835இல் தன்னை அனுப்பின மிஷன் சங்கத்தோடேயே மனஸ்தாபமாகிப் பிரிந்தார், 1838இல் இங்கேயே இறந்தார். பெரிய உழைப்பாளி, குறை இல்லாதவரும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் உட்கார்ந்து பாடுபட்டது பவுலின் நிருபங்களை நல்ல தமிழில் கொண்டுவர. திருநெல்வேலியாருக்கு ரேனியஸ் எழுதின நிருபம் என்று ஒன்றை எழுதி வேதத்தோடு தைக்கவில்லை. அவர் மொழிபெயர்ப்பையும் பிறகு வந்தவர்கள் திருத்தத்தான் செய்தார்கள், பவர் (Bower) ஐயர் குழுவின் தமிழ் வேதாகமம் 1871இல் வந்தது. யாரும் ‘அப்போஸ்தலன் எழுதினதில் கை வைக்காதே’ என்று கத்தவில்லை. இன்னொன்று, அந்தப் பட்டம் ஊர் கொடுத்தது. அவர் பிளெக்ஸ் அடித்து ஒட்டிக்கொண்டது இல்லை.

கேள்வி: முக்கூடலில் இருந்து எழுதுகிறேன். இருபத்தைந்து வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். பதினாறு வயசில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழும்புங்கள் என்றதும் நானும் அழுதுகொண்டே எழும்பினேன். அப்புறம் கல்யாணம், மூன்று பிள்ளைகள், வீட்டுக்காரருக்குச் சுகமில்லை. மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் ஆண்டவரை ஏமாற்றிவிட்டேனோ என்று வருகிறது.

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். தாளில் புகையிலைத் தூள் நெடி இருந்தது.

பீடி விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டால் அது நேர்மையாக இராது. அந்தத் தூள் சுற்றுகிறவர் நெஞ்சுக்கும் கேடு, குடிக்கிறவர் நெஞ்சுக்கும் கேடு. வேறு வழி திறந்தால் மாறிக்கொள்ளுங்கள். ஆனால் இலையை நனைத்து, தகட்டை வைத்துக் கத்தரித்து, ஆயிரம் எண்ணி நூல் கட்டிக் கொண்டுபோனால், கடையில் பாதியைக் கழிவு என்று தள்ளிவிட்டுக் கூலி போடுகிற அந்தப் பிழைப்பில் மூன்று பிள்ளைகளை ஆளாக்கினவர்மேல் எறிய என் கையில் கல் இல்லை.

ஒப்புக்கொடுத்ததைப் பற்றி. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதுகிறார்: அமைதலாயிருக்க நாடுங்கள், சொந்த அலுவலைப் பாருங்கள், சொந்தக் கைகளால் வேலை செய்யுங்கள். சொன்னவர் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர். யோப்பாவில் தபீத்தாள் என்ற சீஷி இறந்தபோது பேதுரு மேல்வீட்டுக்கு ஏறிப் போகிறார். அங்கே விதவைகள் அழுதுகொண்டு நின்று, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அவருக்கு எடுத்து எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் பேசின ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை, துணிதான் எழுதப்பட்டிருக்கிறது. அப்போஸ்தலர்கள் சாட்சி சொல்லி அஸ்திபாரம் போட்டாயிற்று, அந்தப் பாரம் உங்கள்மேல் இல்லை, அக்கா. எழும்பிய சுவரில் உங்கள் பங்குக்கு ஒரு செங்கல் வைக்கிறதுதான் கேட்கப்படுகிறது, அதை எந்த ஊரில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தும் வைக்கலாம்.

எங்கள் ஆச்சி ஒவ்வொரு நேரமும் உலையில் போடுகிறதற்கு முன்னால் அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துப் பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவாள். அரிசி குறைந்த நாளில் பிடி சின்னதாகும், ஆனால் விடமாட்டாள். பிடியரிசி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும், காசாகி மிஷனெரிக் காணிக்கையில் சேரும். 1903இல் பாளையங்கோட்டையில் நம் ஜனங்களே தொடங்கின இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்குச் சீமையில் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினது, தொடங்கினவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா 1912இல் அங்கேயே பேராயரும் ஆனார். ஆச்சி தோர்ணக்கலைப் பார்த்ததே இல்லை, அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கையைக் காட்டுவாள். அந்த டப்பா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, என் வீட்டுக்காரி மிளகாய்வத்தல் போட்டு வைத்திருக்கிறாள்.

அடுத்த கடிதத்தில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று எழுதுங்கள் அக்கா, கடிதத்தில் அதை விட்டுவிட்டீர்கள்.