புதிதாகப் பூட்டிய கணினி ஏன் உயிர்பெறவில்லை?

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் பாகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே பூட்டிய கணினி, பொத்தானை அழுத்தியும் அசையவில்லை என்றால் எங்கிருந்து சோதிக்க வேண்டும்?

முதலில் சுவர்ச் சுவிட்சையும், பிளக்கினுள் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸையும், கணினிக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியான பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்சையும் பாருங்கள்.

அடுத்தது முகப்புப் பொத்தான். அதன் வழியாகக் கணினிக்கு மின்சாரம் பாய்வதில்லை. வாசல் அழைப்பு மணியைப் போல அது செய்தி மட்டுமே சொல்கிறது, கதவைத் திறப்பவர் உள்ளே இருக்கிறார். பொத்தான், எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகையான மதர்போர்டின் இரண்டு ஊசிகளை ஒரு கணம் இணைக்க, மதர்போர்டு 24 ஊசி இணைப்பின் வழியாகப் பவர் சப்ளையை எழுப்புகிறது. மெல்லிய பொத்தான் கம்பி தவறான ஊசிகளில் செருகப்பட்டிருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. சரியான அந்த இரண்டு ஊசிகளை மட்டும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொட்டதும் விசிறி சுழன்றால், பழுது பொத்தானிலோ அதன் கம்பியிலோதான்.

அப்போதும் சுழலாவிட்டால், 24 ஊசி இணைப்பையும் செயலிக்கு (CPU) அருகிலுள்ள 8 ஊசி இணைப்பையும் கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். புதிய இணைப்புகள் இறுக்கமாக இருப்பதால், பாதியில் நின்றாலும் முழுதாக நுழைந்ததுபோலவே தோன்றும். பின்னர், மின்சாரத்தைத் துண்டித்து மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டிமேல் வைத்துச் சோதியுங்கள். பலகையைப் பெட்டியிலிருந்து சற்று உயர்த்திப் பிடிக்கும் பித்தளைத் தாங்கிகளில் ஒன்று அதன் அடியில் தேவையற்ற இடத்தில் இருந்தாலே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள உடனே நின்றுவிடும். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மதர்போர்டில் சிறு விளக்கு எரிவதால் பவர் சப்ளை நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது கணினி அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மட்டுமே காட்டுகிறது, 12 வோல்ட் பகுதி பழுதாக இருந்தாலும் அந்த விளக்கு எரியக்கூடும்.