பழைய ஹார்மோனியத்தில் டேப் ஒட்டிய பிசுக்கை, பாலிஷ் கெடாமல் எப்படி எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தாத்தா வாசித்த கல்கத்தா ஹார்மோனியம் இப்போது உங்கள் கையில். மேல் மூடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டிக்கர், கட்டைகளில் ச ரி க ம எழுதி ஒட்டிய செல்லோடேப். டேப் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, பழுப்புப் பிசுக்கு மட்டும் நிற்கிறது. எந்தத் திரவம் போட்டுத் துடைப்பது?

திரவம் எது என்பது இரண்டாவது கேள்வி. பசைக்கு அடியில் இருக்கும் பாலிஷ் எது என்பதுதான் முதல் கேள்வி. பசை இன்று வராவிட்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பாலிஷ் போய்விட்டால் போனதுதான்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரன். இங்கே இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பக்கத்துப் பஜனைக் குழுக்களின் பெட்டிகளைத் துருத்தி மாற்றி, ரீடு (ஒலி எழுப்பும் உலோக நாக்கு) சுத்தம் செய்து கொடுப்பது என் பொழுதுபோக்கு. நம் வீடுகளில் இருக்கும் பழைய கல்கத்தா பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பிரிட் பாலிஷ்தான் போட்டிருக்கும். அதாவது அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் பூச்சு மேல் பூச்சாக ஏற்றியது. சாராயத்தில் கரைத்துப் பூசியது என்பதால், எத்தனை வருடம் ஆனாலும் சாராயம் பட்டால் திரும்பக் கரையும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பாதி விபத்து நடக்காது.

இங்கே எந்த ஹார்ட்வேர் கடையிலும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் (இதுவும் சாராயமே) பாட்டில் கண்ணில் படும். கண்ணாடி துடைக்க வாங்கி வைத்த அதையே எடுத்துப் பெட்டியையும் துடைக்கிறார்கள். பசையும் வருகிறது, அதோடு பளபளப்பும் கழன்று வருகிறது, போதாக்குறைக்கு ஊதாச் சாயமும் மரத்தில் இறங்குகிறது. சர்ஜிக்கல் ஸ்பிரிட், கைக்குப் போடும் சானிடைசர் இரண்டும் இதே இனம். கொரோனா காலத்தில் கோயில் ஹார்மோனியம் ஒன்றை நல்லெண்ணத்தோடு வாரா வாரம் சானிடைசரால் துடைத்திருந்தார்கள். வாசிப்பவரின் கை படும் இடமெல்லாம் பாலிஷ் சுருங்கி, முதலைத் தோல் போல் ஆகிவிட்டது.

ஆகவே சோதனை முதலில். பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்து ஓரத்தில் யார் கண்ணிலும் படாத இடமாகப் பாருங்கள். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் எடுத்து ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். சில நொடிகளில் பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அரக்குப் பாலிஷ். ஒன்றும் ஆகாவிட்டால் வேறு வார்னிஷ் அல்லது பிற்காலத்தில் யாரோ அடித்த பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சு. அடிப்பலகைக்குப் பாலிஷே போடாமல் விட்டிருப்பதும் உண்டு. அப்படியானால் பின்பக்கத்தில், துருத்தி மூடியபிறகு மறையும் விளிம்பில் பாருங்கள்.

அடுத்து, பசையின் வயது. பழைய செல்லோடேப்பின் பசை ரப்பர் வகை. காற்று பட்டுப் பட்டு அது மாறிக்கொண்டே போகும். முதலில் இளகி எண்ணெய் மாதிரி கசியும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் தேன் நிறத்தில் கெட்டித்துக் கண்ணாடித் தூள் போல் உதிரும். இளகிய நிலையில் இருக்கும் பசை எளிதாகக் கரையும். கெட்டித்துப்போனது கிட்டத்தட்ட எதிலும் கரையாது. அதைக் கரைக்கும் அளவுக்குக் காரமான திரவம் அரக்கை விட்டுவைக்காது. கெட்டித்த பசைக்குத் திரவம் தேடுவதே வீண் வேலை. அதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

சோசாட்டி (இங்கத்து இறைச்சிக் கபாப்) செருகும் மூங்கில் குச்சி எந்த வீட்டிலும் இருக்கும். அதன் நுனியை உளி போல் சாய்வாகச் சீவி, உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து முனையை மழுக்கிக்கொள்ளுங்கள். பசையின் ஓரத்தில், பலகைக்கு ஏறக்குறைய படுத்தாற்போல் வைத்து மெல்லத் தள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பசை சிறு சிறு செதிலாகத் தெறித்து வரும். பிளேடு வேண்டாம், காசு வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் வேண்டவே வேண்டாம். தெறிக்காமல் இழுபடுகிறது என்றால் அது இன்னும் இளகிய பசை. அப்போது விரல் நுனியால் உருட்டினாலே சிறு உருண்டையாகத் திரண்டு ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு இந்த உருட்டும் வேலை பிடிக்கும். கவனம் முழுவதும் விரலில் இருக்கும், பெட்டியின் ஒவ்வொரு கீறலும் அறிமுகமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சரஸ்வதி பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பெட்டியானால், அந்தப் பொடி பிசுக்கில் போய் உட்கார்ந்திருக்கும். ஈரமான எதையும் தொடுவதற்கு முன் மென்மையான உலர்ந்த தூரிகையால் நன்றாகத் தட்டிவிடுங்கள். குங்குமத்தில் சேர்த்த சாயம் திரவம் பட்டதும் கரைந்து வெடிப்புகளுக்குள் ஓடிவிடும். பிறகு அந்தச் சிவப்பை எடுப்பது பசையை எடுப்பதைவிடப் பெரிய பாடு.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் மெல்லிய படலத்துக்கு நான் பயன்படுத்துவது நாஃப்தா, சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம். கேஸ் லைட்டருக்கு அடைப்பது அல்ல, பழைய திரி லைட்டருக்கு ஊற்றுவது. ரப்பர் பசையை அது இளக்கும், அரக்கைத் தொடாது, எண்ணெய்ப் பிசுக்கு வைக்காமல் ஆவியாகிவிடும். இருந்தாலும் இதையும் மறைவான இடத்தில் ஒரு முறை பார்த்துவிட்டே மேலே வாருங்கள். பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, பசையின் மேல் ஒரு நிமிடம் சும்மா வையுங்கள். பிறகு தேய்க்காமல், குச்சியை உருட்டிக்கொண்டே போங்கள். தேய்த்தால் கரைந்த பசை பக்கத்தில் பரவும், உருட்டினால் பஞ்சு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சுற்று உருட்டியதும் குச்சியை எறிந்துவிட்டுப் புதியது எடுங்கள். ஒரே குச்சியில் மிச்சம் பிடிப்பவர்கள் பசையை எடுப்பதில்லை, இடம் மாற்றுகிறார்கள்.

நாஃப்தா சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போடுங்கள், சாமி விளக்கு எரியும் அறையில் செய்யாதீர்கள். லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடர வேண்டாம், மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். நனைந்த பஞ்சை வீட்டுக்குள் குப்பையில் போடாமல் வெளியே உலரவிட்டு எறியுங்கள்.

துடைத்த இடம் காய்ந்ததும் மங்கலாகத் தெரிந்தால் பதறாதீர்கள். மேலே தடவியிருந்த மெழுகு போயிருக்கும், பாலிஷ் போயிருக்காது. எல்லாம் முடிந்தபின் தேன்மெழுகுப் பசையை மெல்லத் தடவித் துணியால் தேய்த்தால் சமமாகிவிடும். சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் மேஜை நாற்காலி ஸ்பிரே மட்டும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. நாளைக்கு யாராவது மறுபடி பாலிஷ் போட வந்தால் அந்த இடத்தில் பூச்சு பிடிக்காமல் குழிகுழியாக விலகும்.

தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்தால் வந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வரும் என்பது உண்மைதான். ஆனால் பழைய பாலிஷில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எண்ணெய் அவற்றின் வழியே மரத்துக்குள் இறங்கிக் கருப்பாக நின்றுவிடும், நாளடைவில் நாற்றமும் எடுக்கும். துருப்பிடித்ததை இளக்க அடிக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே போன்றவையும் பின்னால் எண்ணெயை விட்டுச் செல்பவை. ஆரஞ்சுத் தோல் எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் இரண்டும் பசையை அருமையாகக் கரைக்கும். சில பாலிஷ்களையும் கரைக்கும் என்பதால் நான் பக்கத்தில் சேர்ப்பதில்லை. தண்ணீர் சாதுவாகத் தெரியும், ஆனால் அரக்கின் மேல் நின்றால் வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்காகவே இந்த வேலையை எங்கள் ஊரில் கோடையான டிசம்பர், ஜனவரிப் புழுக்கத்தில் தொடாமல் ஜூன், ஜூலையில் காற்று உலர்ந்திருக்கும்போது வைத்துக்கொள்வேன்.

காகித லேபிள் ஒட்டியிருந்த இடமாக இருந்தால் கதை வேறு. அது மாவுப் பசையாக இருக்கும், நாஃப்தா அதை ஒன்றும் செய்யாது. வெதுவெதுப்பான நீரில் தொட்டு நன்றாகப் பிழிந்த பஞ்சு போதும், உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். அருங்காட்சியகங்களில் இதற்கு எச்சிலையே பயன்படுத்துகிறார்கள். மாவைச் செரிக்கும் நொதி அதில் இருக்கிறது. சரஸ்வதி வாசம் செய்யும் பெட்டியில் எச்சிலா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். என் மாமியும் கேட்டார். தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி கட்டைகள். இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். பழைய பெட்டிகளில் வெள்ளைக் கட்டையின் மேல்தகடு செல்லுலாயிடு என்ற பழங்காலப் பிளாஸ்டிக்காக இருக்கலாம். கட்டைவிரலால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். சூடம் மணத்தால் செல்லுலாயிடு, ஏனென்றால் அதைச் செய்வதே சூடம் சேர்த்துத்தான். நெயில் பாலிஷ் நீக்கியில் உள்ள அசிட்டோன் பட்டால் அது உருகிக் குழையும். ஸ்பிரிட்டும் அதை இளக்கும். ஹேர் டிரையரையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், செல்லுலாயிடு மிக வேகமாகப் பற்றி எரியும் பொருள். மூங்கில் குச்சியும், கொஞ்சம் நாஃப்தாவும் போதும். கட்டைகளுக்கு நடுவே திரவம் வழிந்தால் அடியில் உள்ள தோலையும் ரீடையும் நனைக்கும். ஆகவே இரண்டு கட்டைகளுக்கு இடையே மெல்லிய காகிதத்தைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாகச் செய்யுங்கள்.

மூடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இன்னும் உரியாமல் இருக்கிறது என்கிறீர்கள். ஹேர் டிரையரை மிகக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கை வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். கை பொறுக்காத சூட்டில் அரக்கும் இளகிவிடும். ஒரு மூலையைக் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், பின்பக்கமாக மடித்து, பலகையை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். பாலிஷ் செதிலும் கூடவே வருவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எடுத்த பிறகும் ஸ்டிக்கரின் வடிவம் அப்படியே தெரியலாம். அதைப் பிசுக்கு என்று நினைத்து மேலும் மேலும் துடைப்பவர்கள்தான் பெட்டியைக் கெடுக்கிறார்கள். சுற்றியுள்ள மரம் வெளிச்சம் பட்டு நிறம் மாறியிருக்கிறது, ஸ்டிக்கருக்கு அடியில் மாறவில்லை, அவ்வளவுதான். சில பிளாஸ்டிக் ஸ்டிக்கர்களில் இருந்து கசியும் பொருள் பாலிஷை இளக்கித் தடம் பதித்துவிடுவதும் உண்டு. செல்லோடேப் எண்ணெய் மரத்துக்குள்ளேயே இறங்கியிருந்தால் அந்தக் கறையும் வராது. இவற்றுக்கு எந்தப் பாட்டிலிலும் மருந்து இல்லை. நான் விட்டுவிடுவேன். முழுப் பாலிஷையும் சுரண்டிப் புதிதாகப் போடச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அதைவிட முக்கியம், எதை எடுக்கக் கூடாது என்பது. பெட்டிக்குள்ளும் அடியிலும் லேபிள் இருந்தால் முதலில் படியுங்கள். இனவாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த நம்மவர்கள் வீடு இழந்து, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களின் பெட்டி ஒன்றில் பெயரோடு பழைய கேட்டோ மேனர் முகவரியும் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். லேபிளின் ஓரம் கிளம்பி அசிங்கமாகத்தான் இருந்தது, உடைமைக்காரரின் மகன் எடுத்துவிடச் சொன்னார். படித்துக் காட்டினேன். ஓரத்தை மாவுப் பசையால் மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். டர்பனின் பழைய இந்தியக் கடைவீதியான கிரே ஸ்ட்ரீட்டின் கடைச் சீட்டாக இருந்தாலும் அப்படியே விடுங்கள்.

கிதார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பழைய நைட்ரோ லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) என்றால் அதற்கும் நாஃப்தா ஒத்துக்கொள்ளும், அசிட்டோன் ஒத்துக்கொள்ளாது. வயலின் என்றால் நீங்களே கை வைக்காதீர்கள். அதன் வார்னிஷ் கருவிக்குக் கருவி மாறும், தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

மகள் கற்றுக்கொள்கிறாள், கட்டைகளில் புதிதாக எழுத்து ஒட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒட்ட வேண்டாம். கட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் மரச் சட்டத்தின் நீளத்துக்கு ஒரு கெட்டி அட்டையை வெட்டி, பென்சிலால் ஸ்வரங்களை எழுதி, பசை இல்லாமல் நிறுத்தி வையுங்கள். சுருதி மாறும்போது அட்டையை நகர்த்தினால் ஷட்ஜமும் கூடவே நகரும். டேப் ஒட்டிய கட்டையில் அந்த வசதி கிடையாது.