பூட்டுக்குள் உடைந்த சாவியை எடுப்பது எப்படி?

சாவி பாதியில் உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது, பூட்டை உடைக்காமல் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும்.

முதலில் சாவித் துளையைப் பாருங்கள். அது கொஞ்சம் திரும்பி நின்றால், உள்ளே ஸ்பிரிங் வைத்த பின்கள் நகர வழியில்லாமல் சாவியின் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு இழுத்தாலும் வராது. சின்ன ஸ்குரூ டிரைவரால் துளையைச் சாவி போடும் நிலைக்குத் திருப்புங்கள்.

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நோஸ் பிளையர் போதும். இல்லையென்றால் மெல்லிய ரம்பப் பிளேடை, பற்கள் உங்கள் பக்கம் சாய்ந்திருக்குமாறு, சாவியின் வெட்டு ஓரமாகச் செருகி, லேசாகத் திருப்பி இழுங்கள். பென்சில் கரித்தூள் கொஞ்சம் போட்டால் வழுக்கும்.

சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம். நான் ஒட்டி இழுக்கப் பார்த்து, பூட்டையே மாற்றினேன். அப்புறம், இரண்டு துண்டுகளையும் பத்திரமாக வையுங்கள். அதை வைத்தே புதுச் சாவி வெட்டிவிடலாம்.