வாசகர் கேள்விகள்: குளிரா, தாகமா?

போன இதழில் துருவப் பகுதிப் பாசிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டீச்சர், அண்டார்க்டிகா முழுக்கப் பனிக்கட்டி. அதன் மேல் பாசி எப்படி முளைக்கும்? குளிரில் செத்துவிடாதா?

பதில்: பனிக்கட்டி மேல் முளைப்பதில்லை. அந்தக் கண்டத்தில் பனி மூடாமல் தலைகாட்டும் பாறையும் சரளையும் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. செடிகொடிகளின் குடித்தனம் எல்லாம் அந்தத் துண்டு நிலங்களில்தான். பூக்கும் செடி என்று பார்த்தால் இரண்டே இரண்டு: ஒரு புல், மெத்தை போல் படரும் ஒரு குட்டைச் செடி. அவையும் வடக்கே நீளும் அண்டார்க்டிக் தீபகற்பத்தையும் அதை ஒட்டிய தீவுகளையும் தாண்டுவதில்லை. மாஸ் பாசியோ நூறு இனத்துக்கு மேல்.

வெறுமனே பாசி என்று சொல்லாமல் ‘மாஸ்’ என்று சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. குளத்தில் மிதப்பதும் நமக்குப் பாசி, ஈரச் சுவரில் படர்வதும் பாசி. குளத்துப் பாசிக்குத் தண்டு, இலை என்று எதுவும் கிடையாது. சுவரில் படரும் மாஸுக்கு இரண்டும் உண்டு, ரொம்பப் பொடியாக. அதற்கு இல்லாதது வேர். மண்ணைப் பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் இருக்கின்றன. ஆனால் தண்ணீருக்கு அவற்றை நம்பி அது இல்லை. இலை மேல் பட்டதைத்தான் குடிக்கிறது.

அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். தாகத்தில் செத்துவிடாதா? அண்டார்க்டிகா ஒரு பாலைவனம். கண்ணுக்கு எட்டிய தூரம் இருப்பது தண்ணீர்தான், ஆனால் கட்டியாக. கோடையில் சில வாரம் உருகி ஓடும்போது குடித்தால்தான் உண்டு. மற்ற நாளெல்லாம் மாஸ் காய்ந்து கிடக்கும்.

நான் ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் மாஸ்களை மடித்த காகிதப் பொட்டலத்தில்தான் வைத்திருப்போம். ஒரு நாள் ஒரு பழைய பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே பென்சிலில் எழுதியிருந்த தேதி நான் பிறப்பதற்கு முந்தையது. உள்ளே பழுப்பு நூல்கண்டு மாதிரி ஒரு கொத்து. ஒரே ஒரு தண்டைப் பிய்த்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். பிழிந்த துணி மாதிரி முறுக்கிக் கிடந்த இலைகள், இருபது எண்ணுவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கு அவிழ்ந்து நிமிர்ந்துவிட்டன. பக்கத்தில் இருந்த மாணவி “உயிர் வந்துடுச்சு மேடம்!” என்று கத்தினாள். வரவில்லை, அது வெறுமனே ஊறியது. அந்தக் கொத்து செத்து எத்தனையோ வருஷம்.

ஆனால் உயிருள்ள மாஸிலும் இதேதான் நடக்கிறது என்பதுதான் விசேஷம். காய்ந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சுருண்டுகொள்ளும். நனைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். செல்லுக்குள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைகள் அதுவரை சவ்வுகளைச் சிதையாமல் காக்கின்றன. குளிருக்கும் இதே வித்தைதான். குளிர் ஏறும்போது பனித்துகள் பெரும்பாலும் முதலில் செல்லுக்கு வெளியே உருவாகும். உள்ளே இருக்கும் தண்ணீரை அது வெளியே இழுத்துக்கொள்ளும். ஆக, உறைவதும் ஏறக்குறைய காய்வதுதான். அது மாஸுக்குப் பழகிய சங்கதி.

இன்னொன்று, நாம் நினைக்கிற குளிர் அதற்கு எப்போதும் இல்லை. தரையோடு ஒட்டி, கருத்த மெத்தையாக வெயில் காய்கிறது. காற்று 0 டிகிரியை ஒட்டி இருக்கும்போதே அந்த மெத்தையின் சூடு 20 டிகிரியைத் தாண்டிவிடுவது உண்டு.

கேள்வி: ‘ஆயிரம் வருஷம் உறைந்து கிடந்த பாசி உயிர் பெற்றது’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வழக்கமான புளுகுதானே?

பதில்: நானும் வாட்ஸ்அப் சேதியை நம்புகிற ஆள் இல்லை. ஆனால் இது உண்மை. அண்டார்க்டிக் பகுதியில் சிக்னி என்று ஒரு தீவு. அங்கே மாஸ் மேல் மாஸாக வளர்ந்து, அடிப்பகுதி நிரந்தர உறைநிலத்தில் புதைந்து கிடக்கிறது. பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தாரும் ரெடிங் பல்கலைக்கழகத்தாரும் அதில் குழாய் இறக்கி, கம்பு மாதிரி ஒரு துண்டை எடுத்தார்கள். அதை வில்லை வில்லையாக அறுத்து, 17 டிகிரி வெப்பத்தில் வெளிச்சம் காட்டி வைத்தார்கள். சில வாரங்களில், 110 சென்டிமீட்டர் ஆழத்து மாஸிலிருந்தே புதுத் தளிர் கிளம்பியது. கார்பன் கணக்குப்படி அந்த ஆழத்துக்கு வயது 1,500 ஆண்டுக்கு மேல். 2014-ல் வெளியான ஆய்வு இது.

அதற்கு முந்தின ஆண்டு வட துருவப் பக்கத்திலிருந்தும் இப்படி ஓர் ஆய்வு வந்தது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் டியர்டிராப் என்ற பனியாறு உருகிப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. சுமார் 400 ஆண்டுகளாக அதன் அடியில் நசுங்கிக் கிடந்த மாஸ் வெளியே வந்தது. பார்த்தால் கருகல். ஆனால் கேத்தரின் லா ஃபார்ஜ் என்ற ஆய்வாளர் கண்ணில் அதில் லேசான பச்சை பட்டிருக்கிறது. எடுத்துப் போய் அரைத்து மண்ணில் தூவினார், முளைத்தது. மாஸில் தண்டின் ஒரு துணுக்கு பிழைத்திருந்தாலும் போதும், அதிலிருந்து முழுச் செடி வந்துவிடும்.

மாஸுக்குள் குடியிருப்பவையும் சளைத்தவை அல்ல. ஜப்பானியர் 1983-ல் அண்டார்க்டிகாவில் எடுத்த மாஸை உறைபெட்டியில் போட்டுவைத்து 2014-ல் உருக்கினார்கள். அதற்குள் இருந்த இரண்டு நீர்க்கரடிகளும் (நுண்ணோக்கியில்தான் தெரியும் எட்டுக்கால் பிராணிகள்) ஒரு முட்டையும் பிழைத்திருந்தன. ஒரு கரடி பிறகு முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது.

கேள்வி: வேர் இல்லை, மண்ணும் இல்லை. உரம்?

பதில்: பென்குயின் எச்சம். அதுவும் பழசு. கிழக்கு அண்டார்க்டிகாவில் ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்தை ஒட்டிய மாஸ் தோட்டங்கள், பென்குயின்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காலி செய்துவிட்டுப் போன இடங்களில் இருக்கின்றன. அன்று விட்டுப்போன நைட்ரஜனைத்தான் இன்றும் தின்றுகொண்டிருக்கின்றன.

அங்கே ஒரு தண்டு வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? 1950, 60-களில் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்களே, அப்போது காற்றில் ஏறிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் இந்தத் தண்டுகளிலும் பதிந்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து நுனிவரை உள்ள நீளம்தான் அளவுகோல்.

அப்படி அளந்தவர்களில் ஷரோன் ராபின்சன் குழுவினர் சொன்ன சேதிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பச்சையாக இருந்த மாஸ் சிவக்கிறது, பிறகு சாம்பல் நிறமாகிறது. சிவப்பு தவிப்பின் நிறம், சாம்பல் சாவின் நிறம். காரணம் தாகமேதான். ஓசோன் ஓட்டையும் பூமியைச் சூடாக்கும் வாயுக்களும் சேர்ந்து அந்தப் பக்கத்துக் காற்றின் போக்கை மாற்றிவிட்டதில், அங்கே ஈரம் குறைந்துவிட்டது.

கேள்வி: ரெயின்டீர் என்ற துருவ மான் தின்னும் ‘ரெயின்டீர் மாஸ்’ எந்த வகை மாஸ்?

பதில்: மாஸே அல்ல, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பம். பெயர் வைத்தவரோடு இனிமேல் சண்டை போட முடியாது.

கேள்வி: பாசிப் பந்துகள் பனியாற்றின் மேல் நடக்குமாமே?

பதில்: மாட்டிக்கொண்டேன்! பனிக்கட்டி மேல் முளைக்காது என்று மேலே எழுதிவிட்டேன். இது விதிவிலக்கு. ஒரு சின்னக் கல்லையோ புழுதியையோ சுற்றி மாஸ் வளர்ந்து உருண்டையாகிவிடும். ஐஸ்லாந்துக்காரர் ஜோன் எய்தோர்சன் 1950-களின் தொடக்கத்தில் இவற்றுக்குப் ‘பனியாற்று எலிகள்’ என்று பெயரிட்டார். அலாஸ்காவின் ரூட் பனியாற்றில் இவற்றுக்கு மணி கோத்து அடையாளம் கட்டிக் கவனித்தார்கள். நாளுக்குச் சராசரி 2.5 சென்டிமீட்டர் நகர்கின்றன, அதுவும் மந்தை மாதிரி எல்லாம் ஒரே பக்கமாக. சரிவா, காற்றா, வெயிலா என்று பொருத்திப் பார்த்தார்கள், எதுவும் ஒத்துவரவில்லை. 2020-ல் வந்த இந்த ஆய்வை நான் மூன்று முறை படித்துவிட்டேன், சும்மா சந்தோஷத்துக்காக.

கேள்வி: ஐஸ்லாந்து போகிறோம். பாசி மேல் நடக்கலாமா?

பதில்: வேண்டாம். 1783-ல் லாக்கி எரிமலைப் பிளவு கக்கிய குழம்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவி இறுகிக் கிடக்கிறது. அதன் மேல் முழங்கை ஆழத்துக்குக் கம்பளி மாதிரி மாஸ். நான் போன அன்று காலையில் எல்லாம் சாம்பல் நிறம். மத்தியானம் தூறல் போட்டது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடு மேடாகப் பச்சை ஏறியது. படம் எடுக்கும் அவசரத்தில் பாதையை விட்டு ஒரு கால் வைத்துவிட்டேன். வழிகாட்டிப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளைத் தொட்டு, பத்தடி தள்ளி ஒரு பழுப்புக் குழியைக் காட்டினாள். செருப்பளவு. அது அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அங்கே இருக்கிறதாம்.