அப்புச்சி வீடும் அச்சம்மா வீடும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். கணவர் மலையாளி, சாதியும் வேறு. ‘அப்புச்சி (என் அப்பா) வீட்டிலிருந்து ஏன் யாரும் அச்சம்மா (கணவரின் அம்மா) வீட்டுக்கு வருவதில்லை?’ என்று யூ.கே.ஜி. படிக்கும் மகள் கேட்கிறாள். வேற்றுமைகளைக் கடந்த அன்பைச் சொல்லும் படக்கதைப் புத்தகங்களை அவளுக்கு வாசித்துக் காட்டலாமா? இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்கிறார் என் அம்மா.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தாராளமாக வாசித்துக் காட்டுங்கள், சகோதரி. புத்தகம் புதிதாக எதையும் அவள் மனத்தில் விதைத்துவிடப் போவதில்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவே உள்ள மௌனத்தை அவள் ஏற்கெனவே கவனித்துவிட்டாள் என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சி.

உங்கள் அம்மாவின் அச்சம் பழையது. கார்த் வில்லியம்ஸ் 1958-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘முயல்களின் திருமணம்’ என்று பொருள்படும் படப்புத்தகத்தில், ஒரு வெள்ளை முயலும் ஒரு கறுப்பு முயலும் காதில் மஞ்சள் பூச்செருகி மணந்துகொள்ள, காட்டு விலங்குகள் வட்டமாக நின்று ஆடுகின்றன. கதை அவ்வளவுதான். வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைச் சட்டமே தடுத்திருந்த அலபாமா மாநிலத்தில், மறு ஆண்டே இது கலப்பு மணத்துக்கான பிரசாரம் என்று எதிர்ப்புக் கிளம்பியதால், மாநில நூலகத் துறை அதைப் பொது அடுக்கிலிருந்து எடுத்து, கேட்டால் மட்டும் கொடுக்கும்படி ஒதுக்கி வைத்தது. அடியோடு விலக்கிவிட அதன் இயக்குநர் எமிலி ரீட் இணங்கவில்லை. அத்தகைய மணங்களைத் தடுக்கும் சட்டங்கள் செல்லா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967-இல்தான். முயல்களிடம் மனிதரின் நிறபேதத்தைத் தேடியவர்கள் பெரியவர்களே.

அந்த இரண்டுமே முயல்கள் என்பதையும் கவனியுங்கள். யானையும் அணிலும், பூனையும் எலியும் நேசம் கொள்ளும் கதைகள் கேட்க இனிமையானவைதாம். ஆனால் அவற்றை மட்டுமே கேட்டு வளரும் குழந்தை, தன் அப்பாவும் அம்மாவும் பிறப்பாலேயே வெவ்வேறு உயிரினம் என்று எண்ணிவிடக் கூடும். சாதி நமக்குக் கற்பித்த பொய்யும் அதுதானே! ஆகவே மனிதர்கள் வரும் கதைகளைத் தேடுங்கள். ஒரு வீட்டில் மட்டை அரிசிச் சோறும் மறு வீட்டில் அரிசி பருப்புச் சாதமும் கொதிப்பது படத்தில் தெரிந்தால், உங்கள் மகள் அதில் தன் வீட்டைக் கண்டுகொள்வாள். வெளியிலிருந்து வந்தவர் யாரையேனும் ஆபத்திலிருந்து காப்பாற்றிய பிறகே குடும்பம் அவரை ஏற்றுக்கொள்வதாக முடியும் கதைகளை மட்டும் நான் வாங்க மாட்டேன்; அன்பைப் பெறச் சாகசம் செய்தாக வேண்டும் என்று ஐந்து வயதில் யாரும் கற்க வேண்டியதில்லை.

சென்னை தூலிகா பதிப்பகம் ஒரே படக்கதையைத் தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிகளில் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இரு மொழிகளிலும் கதைகளை இலவசமாகவே வாசிக்கலாம்.

அதற்கு முன்பு அவள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்குள் வருத்தம் இருக்கிறது, அது உன்னால் வந்ததன்று என்ற இரண்டு வரி போதும். பிறகு ஒரே கதையின் தமிழ்ப் பிரதியை அப்புச்சி வீட்டிலும் மலையாளப் பிரதியை அச்சம்மா வீட்டிலும் வைத்துவிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் படங்கள் ஒன்றே என்பதால், ஒரு வீட்டில் கேட்ட கதையை மறு வீட்டில் அவளே பக்கம் புரட்டிச் சொல்லத் தொடங்குவாள்.