பேஸ்மென்ட்ல ஒரு பெய்ஜிங் பேண்ட்: நீங்க கேட்டதுக்கு என் பதில்கள்

2014லேர்ந்து 2019 வரைக்கும் பெய்ஜிங்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைல இருந்தேன். ஹைதியன் ஏரியால நான் குடியிருந்த பில்டிங்குக்கு கீழ, பேஸ்மென்ட்ல, மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடற ரிகர்சல் ரூம் ரெண்டு இருந்துச்சு. அங்க வர்ற ஒரு நாலு பேர் பேண்டோட பழக்கமாகி, அஞ்சு வருஷம் அவங்க ஆம்ப்ளிஃபயர் தூக்கி, டிக்கெட் கிழிச்சு, ஒரு டூர் கூடவே போயி எல்லாம் பாத்தாச்சு. அவங்க பேர மட்டும் கேக்காதீங்க, சாதாரணமா வேலைக்கு போயிட்டிருக்கற பசங்க. மத்தபடி எது வேணா கேளுங்க.

கேள்வி: அக்கா, சைனால ராக்குக்கு எல்லாம் அரசாங்கம் விடுமா? மறைஞ்சு மறைஞ்சு வாசிப்பாங்களா?

மறைஞ்சு எல்லாம் இல்லப்பா. 1986 மே மாசம் பெய்ஜிங் வொர்க்கர்ஸ் ஸ்டேடியம் வளாகத்துல நடந்த ஒரு பெரிய கச்சேரில சுய் ஜியான் 'என்கிட்ட ஒண்ணுமே இல்ல'ன்னு அர்த்தம் வர்ற பாட்டப் பாடினார், ஆர்க்கெஸ்ட்ரால ட்ரம்பெட் வாசிச்சிட்டிருந்த மனுஷன், அங்கேர்ந்துதான் சைனா ராக்க கணக்கு போடுவாங்க. ஆனா பர்மிஷன் வேணும். டிக்கெட் போட்டு ஷோ நடத்தினா பாட்டு லிஸ்ட், பாட்டோட வரிகள், வாசிக்கறவங்க விவரம் எல்லாம் முன்கூட்டியே கலாச்சாரத் துறைக்கு போகணும். நம்ம பேண்ட்ல இந்த பேப்பர் வேலை எல்லாம் பேஸ் கிடார் வாசிக்கற பையன் தலைல. பாட்டு இன்னும் முடிஞ்சிருக்காது, வரி மட்டும் டைப் பண்ணிக் குடுக்கணும். அதனால சில பாட்டுக்கு எழுதிக் குடுத்தது ஒண்ணு, மூணு வாரம் கழிச்சு நல்லா வந்தது வேற ஒண்ணு, கடைசில குடுத்ததையே பாடிட்டு வருவாங்க. ஒரு தடவ அப்படி நாலு வரிய விட்டுக்குடுத்தது பாடற பையனுக்கு ரொம்ப நாள் மனசுல இருந்துச்சு.

கேள்வி: அவங்களுக்கு வெளிநாட்டு ராக் எப்படி கைக்கு கிடைச்சுது?

இந்த பசங்களுக்கு இன்டர்நெட்டுதான். ஆனா அவங்களுக்கு முந்தின தலைமுறை கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 90கள்ல மேற்கு நாட்டு கம்பெனிங்க விக்காம தேங்கின சிடி, கேசட் எல்லாத்தயும் ஓரத்துல ஒரு வெட்டு போட்டு பிளாஸ்டிக் கழிவுன்னு கப்பல்ல ஏத்தி விட்டாங்க, அது சைனால ரோட்டோரக் கடைக்கு வந்திருச்சு. அதுக்கு பேரு தாகோவ், வெட்டுப்பட்டதுன்னு அர்த்தம். சிடி நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா ஓடும், அதனால ஓரத்துல வெட்டினா கடைசிப் பாட்டுதான் போகும். ஆல்பத்தோட கடைசிப் பாட்ட வருஷக்கணக்கா கேக்காமலே அந்த ஆல்பத்த உயிரா நேசிச்ச ஆளுங்க இருக்காங்க. எங்க ரிகர்சல் ரூம் ஓனரும் அதுல ஒருத்தர், அவர் ஷெல்ஃப்ல அந்த வெட்டுப்பட்ட சிடியெல்லாம் இன்னும் அடுக்கி வெச்சிருந்தார்.

கேள்வி: ஒரு பாட்டு எப்படி உருவாகுது? முதல்ல வரியா, ட்யூனா? கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

இதுக்குத்தான் காத்திட்டிருந்தேன்.

புதன்கிழமை ராத்திரி 9 டு 11, ரெண்டு மணி நேரம், அவ்ளோதான் வாரத்துக்கு. பாடிக்கிட்டே கிடார் வாசிக்கற பையன் டிசைன் ஆபீஸ்ல வேலை, இன்னொரு கிடார் கிண்டர்கார்ட்டன் டீச்சர், பேஸ் புத்தகக் கடை, ட்ரம்ஸ் வாசிக்கற பொண்ணு மாஸ்டர்ஸ் படிச்சிட்டிருந்தா. முத அரை மணி நேரம் ட்யூனிங்லயும் கேபிள் தேடறதுலயும் போயிரும். அப்புறம் யாராவது ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வாசிக்கற சின்ன இசைத் துண்டு) ஆரம்பிப்பாங்க, யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க, அது பாட்டுக்கு சுத்திட்டே இருக்கும், எல்லாரோட காதும் ட்ரம்ஸ் பக்கம் இருக்கும். அந்தப் பொண்ணு உள்ள வந்தா பாட்டு பொழச்சுது, எட்டுப் பத்து சுத்து போயும் அவ ஸ்டிக்க மடியிலயே வெச்சிருந்தா அந்த ரிஃப் செத்துச்சு. இதுக்கு ஓட்டு, விவாதம்னு எதுவும் கிடையாது. நல்லால்லன்னு ஒரு வார்த்த அவ சொல்லி நான் கேட்டதில்ல.

ஒரு போன தரைல வெச்சு ரெக்கார்ட் போடுவாங்க. சத்தம் தாங்காம மைக் கிழியும், அதுக்கு ஒரு குளிர் காலத் தொப்பிக்குள்ள போன போட்டு சுருட்டி வெப்பாங்க. ஃபைலுக்கு அன்னிக்கு தேதிதான் பேரு. அடுத்த வாரம் வரைக்கும் மெட்ரோல போகும்போது வரும்போது நாலு பேரும் அத கேப்பாங்க, யாருக்கு எந்த இடம் மனசுல ஒட்டிச்சோ அத வீசாட் (சைனாவோட வாட்ஸ்அப் மாதிரி) க்ரூப்ல நிமிஷம் செகண்டோட போடுவாங்க. ரெண்டு பேர் ஒரே இடத்த சொல்லிட்டா அதுதான் பாட்டோட நடு, மீதிய அத சுத்திக் கட்டுவாங்க.

வரி கடைசி. ரொம்ப நாளைக்கு பாடற பையன் அர்த்தமே இல்லாம ஆ, ஓ, லா, ஙான்னு பாடிட்டிருப்பான். அப்புறம் அந்த ஓசைக்கு பக்கத்துல இருக்கற வார்த்தைங்களா பொறுக்குவான். 'ஆ'ல நீட்டின இடத்துல 'இ' வர்ற வார்த்தைய வெச்சா அது என்ன பெரிய கவிதையா இருந்தாலும் தூக்கிருவான்.

ஒரு பாட்டு நாலு மாசம் பாதியில நின்னுது, கோரஸ், அதாவது பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வர்ற பகுதி, கிடைக்கவே இல்ல. ஒரு நாள் எல்லாரும் ஓஞ்சு போய் உக்காந்திருக்கோம், பக்கத்து ரூம்ல ஒரு மெட்டல் பேண்ட், சுவத்த தாண்டி ட்ரம்ஸோட டபுள் கிக் மட்டும் தடதடன்னு வருது, கிடார் சத்தம் எதுவும் வரல. பேஸ் பையன் அந்த தடதடக்கு பாதி வேகத்துல சும்மா விரல ஓட்டினான். அந்தப் பொண்ணு உடனே ஸ்டிக்க எடுத்தா. இருபது நிமிஷத்துல கோரஸ் முடிஞ்சுது, ஓனர் வந்து கதவத் தட்டி 11 ஆச்சுங்கறார், யாரும் நிறுத்தல. நான் அங்க இருந்தேன், இப்ப எழுதும்போதும் சிலிர்க்குது. தனியா ரூம்ல உக்காந்து எழுதினா அந்த பாட்டு வந்தே இருக்காது, இத நான் யார்கிட்ட வேணா அடிச்சுச் சொல்வேன். அந்த ரூம்தான் பாட்டு எழுதுச்சு.

கேள்வி: சைனீஸ்ல ஒரே சொல்லுக்கு தொனி மாறினா அர்த்தம் மாறும்ல? ட்யூன் போட்டா குழம்பிடாதா?

சூப்பர் கேள்வி. சைனாவோட பொது மொழி மாண்டரின், அதுல நாலு தொனி. 'மாய்'ன்னு இறக்கி ஏத்திச் சொன்னா வாங்கறது, மேலேர்ந்து டக்குனு இறக்கிச் சொன்னா விக்கறது! ஆனா மாண்டரின்ல பாடும்போது தொனிய பெரும்பாலும் விட்டுட்டு ட்யூன் பின்னாடி போயிருவாங்க, கேக்கறவங்க முன்ன பின்ன வர்ற வார்த்தைய வெச்சு புரிஞ்சுக்குவாங்க. தெற்குப் பக்கம் பேசற கான்டனீஸ்ல அந்த சலுகை கிடையாது, தொனிக்கு ஏத்த மாதிரி ட்யூன் போகலன்னா காதுக்கு தப்பா கேக்கும், அதனால அங்க பாட்டு எழுதறது தனிக் கலை. நம்ம பையன் 'கிடார விக்கறேன்'னு ஒரு வரி எழுதினான், ரிகர்சல்ல கேட்ட எல்லாரும் புதுசா கிடார் வாங்கறான்னு நெனச்சாங்க. அதுக்கு முன்னாடி 'வாடகை'ன்னு ஒரே ஒரு வார்த்த சேத்தான், சரியாயிருச்சு.

கேள்வி: எல்லாரும் மாண்டரின்லதான் பாடுவாங்களா? வட்டார மொழில பாடறவங்க உண்டா?

உண்டு, வூ தியாவ் ரென்ங்கற பேண்ட கேளுங்க. குவாங்டாங் மாகாணத்துல ஹாய்ஃபெங்னு ஒரு ஊர், அந்த ஊர்ப் பேச்சுலயே பாடுவாங்க, மத்த சைனீஸ் ஆளுங்களுக்கே சப்டைட்டில் வேணும். 2009ல முதல் ஆல்பம். 2020ல 'பேண்ட்களின் கோடைக்காலம்'ங்கற போட்டி ஷோவோட ரெண்டாவது சீசன்ல, கடைசி நேரத்துல பாட்ட மாத்தி ஊர் மொழிப் பாட்டையே பாடினாங்க, வெளியேத்திட்டாங்க, அப்புறம் ஓட்டுல திரும்ப உள்ள வந்து ரெண்டாவது இடம் வரைக்கும் போனாங்க. சைக்கிள், சந்தை, சலூன், ஊர் ரவுடின்னு அவங்க பாட்டுல ஒரு சின்ன ஊரே இருக்கும். இன்னொரு பக்கம் ரீ-ட்ராஸ் மாதிரி இங்கிலீஷ்லயே பாடற பேண்டும் இருக்கு, அந்த சீசன் ஜெயிச்சது அவங்கதான்.

கேள்வி: சோத்துக்கு என்ன பண்ணுவாங்க ப்ரோ?

ப்ரோ இல்ல, அக்கா. சம்பளம்தான் சோறு. ஒரு ஷோ கணக்கு சொல்றேன்: டிக்கெட் 60 யுவான், வந்தது 43 பேர், 2580 யுவான். அதுல லைவ்ஹவுஸுக்கு (கச்சேரி நடக்கற க்ளப்) ஒரு பங்கு, அன்னிக்கு கூட வாசிச்ச இன்னொரு பேண்டுக்கு ஒரு பங்கு, மீதிய நாலா பிரிச்சா ஒரு வேளை ஹாட்பாட் சாப்பிடலாம். டி-ஷர்ட் வித்த காசுலதான் அடுத்த மாச ரிகர்சல் வாடகை கட்டினாங்க. பெரிய ஆளுங்களுக்கே இதான் நிலைமை, ஹெட்ஜ்ஹாக்னு 2005ல ஆரம்பிச்ச பேண்ட், அதுல பாடறவர் வருஷக்கணக்கா ப்ரோக்ராமர் வேலை பாத்துக்கிட்டேதான் பாட்டு எழுதினார்.

கேள்வி: டூர்னா வேனா?

ரயில். பெய்ஜிங்–குவாங்ஜோ ஹைஸ்பீட் லைன் 2012 டிசம்பர்ல முழுசா ஓட ஆரம்பிச்சுது, அந்த லைன்ல வரிசையா ஷிஜியாஜுவாங், ஜெங்ஜோ, வூஹான், சாங்ஷா. ரயில் நிக்கற ஊர்தான் இவங்க டூர் மேப். அக்டோபர் லீவு ஏழு நாள், அதுல நாலு ஊர். ட்ரம் செட் அந்தந்த ஊர் லைவ்ஹவுஸ்ல இருக்கும், ட்ரம்ஸ் பொண்ணுக்கு ஸ்னேர், சிம்பல், பெடல் மட்டும் முதுகுல. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் பேக் எக்ஸ்ரே, கிடார் பெடல் எல்லாம் வயரும் டப்பாவுமா தெரியும், திறன்னு சொல்லுவாங்க, எல்லாத்தயும் பிரிச்சுக் காட்டி, திரும்ப கட்டி, ஓடிப்போய் ரயில் ஏறணும். ஜெங்ஜோல கூட்டமே இல்ல, சவுண்டும் மோசம், பாடற பையன் ஸ்டேஜ விட்டு இறங்கி யார்கிட்டயும் பேசல. மறுநாள் வூஹான்ல காலைல வெறும் வயித்துல எள்ளு பேஸ்ட் போட்ட ரெகான்மியன் நூடுல்ஸ நின்னுகிட்டே சாப்பிட்டோம், ராத்திரி வாக்ஸ் லைவ்ஹவுஸ்ல ஒரு ஷோ பாக்கப் போனோம், வூஹான் பங்க் ராக்குக்கு பேர் போன ஊர், எஸ்எம்இசட்பிங்கற பங்க் பேண்ட் 1996ல அங்கதான் ஆரம்பிச்சாங்க. அங்க ஜனங்க குதிக்கறதப் பாத்துட்டு அவனே திரும்ப பேச ஆரம்பிச்சான்.

கேள்வி: வீட்ல ஒத்துக்குவாங்களா?

வேலைய விடாத வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வசந்தப் பண்டிகைக்கு (சைனீஸ் புது வருஷம்) ஊருக்குப் போனா கல்யாணம் எப்ப, வீடு எப்பன்னு சொந்தக்காரங்க சுத்தி நின்னு கேப்பாங்க, அது நமக்குத் தெரியாததா.

கேள்வி: எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

கார்சிக் கார்ஸ். 2005ல ஆரம்பிச்சாங்க, 2007ல யூரோப்ல சோனிக் யூத்ங்கற அமெரிக்க பேண்டுக்கு முன்னாடி வாசிச்சாங்க. ஜோங்நான்ஹாய்ங்கற சிகரெட் பேர்ல ஒரு பாட்டு, அது வந்தா ஜனங்க ஸ்டேஜ் மேல சிகரெட்ட அள்ளி வீசுவாங்க. இவங்க எல்லாம் வளர்ந்த இடம் பெய்ஜிங்ல வுதாவ்கோவ் ஏரியால இருந்த டி-22ங்கற க்ளப், பீக்கிங் யுனிவர்சிட்டில ஃபைனான்ஸ் பாடம் எடுக்கற மைக்கேல் பெட்டிஸ் 2006ல ஆரம்பிச்சது, 2012 ஜனவரில மூடிட்டாங்க. ரெண்டு வருஷத்துல நான் தவற விட்டுட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கு. அப்புறம் பி.கே.14, அதுல பாடற யாங் ஹாய்சோங்தான் நிறைய சின்ன பேண்டோட ஆல்பத்துக்கு ப்ரொட்யூசர். முக்கியமா ஷிஜியாஜுவாங் ஊர்க்காரங்க, ஆம்னிபொட்டன்ட் யூத் சொசைட்டி. முதல் ஆல்பம் 2010, ரெண்டாவது 2020. நடுவுல பத்து வருஷம் ஆல்பம் விடல, யாரும் மறக்கவும் இல்ல. அவங்க ட்ரம்பெட் சத்தத்த ராத்திரி ஹெட்போன்ல கேளுங்க.

கேள்வி: உங்க பேண்ட் இப்பவும் இருக்கா அக்கா?

கலைச்சுட்டோம்னு யாரும் சொல்லல. 2020ல மாசக்கணக்கா லைவ்ஹவுஸ் எல்லாம் மூடிக் கிடந்துச்சு, ட்ரம்ஸ் பொண்ணு லான்ஜோங்கற வேற ஊர்ல வேலை கிடைச்சுப் போயிட்டா, நான் அதுக்கு முன்னாடியே ஊருக்கு வந்துட்டேன். வீசாட் க்ரூப்ல பொறந்தநாள் வாழ்த்து மட்டும் வந்திட்டிருந்துச்சு. போன வருஷம் திடீர்னு ஒரு ஆடியோ ஃபைல், பேருக்கு பதிலா தேதி. லீவுக்கு அவ பெய்ஜிங் வந்திருக்கா, நாலு பேரும் அதே பேஸ்மென்ட்டுக்குப் போயிருக்காங்க. ஒரு கிடார் தனியா ரொம்ப நேரம் சுத்துது, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், ஆறாவது சுத்துல ட்ரம்ஸ் உள்ள வருது. கடைசில கதவத் தட்டற சத்தம், ஓனர் ஏதோ சொல்றார். அத வெட்டாம அப்படியே அனுப்பியிருக்காங்க.