ஓடியது ஒருமுறை, பதிவானது இருமுறை: ஃபிட்னஸ் ஆப் கேள்வி பதில்

வாட்சிலிருந்து ஆப்புக்கும், ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கும் ஒர்க்அவுட் டேட்டாவைக் கொண்டு சேர்க்கும் புரோகிராம் எழுதுவது என் வேலை. நம் ஓட்டக் குழுவில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அண்ணா, கையில் வாட்ச், பையில் போன். ஐபோனின் ஆப்பிள் ஹெல்த் ஆப்பில் எல்லாம் இரண்டு மடங்காக ஏறாதா?

ஸ்டெப்ஸ் ஏறாது. வாட்ச் எண்ணியது, போன் எண்ணியது இரண்டையும் ஹெல்த் தனித்தனியாகத்தான் வைத்திருக்கும். கூட்டும்போது, ஒரே நேரத்தில் இரண்டும் எண்ணியிருந்தால் முன்னுரிமைப் பட்டியலில் மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஸ்டெப்ஸ் பக்கத்தின் அடியில் டேட்டா சோர்ஸ் பகுதிக்குப் போய் வரிசையை நீங்களே மாற்றலாம்.

ஒர்க்அவுட் கதை வேறு. கார்மின் வாட்சுக்கான ஆப்பான கார்மின் கனெக்ட் உங்கள் ஓட்டத்தை ஆப்பிள் ஹெல்த்துக்கு அனுப்புகிறது. அதே ஓட்டத்தை, ஓட்டங்களைப் பதிந்து நண்பர்களுடன் பகிரும் ஸ்ட்ராவா ஆப்புக்கும் அனுப்புகிறது. ஸ்ட்ராவாவும் தன் பங்குக்கு அதை ஹெல்த்தில் எழுதுகிறது. காலையில் ஒருமுறை ஓடியவருக்கு இரண்டு ஓட்டம் தெரிவது இப்படித்தான். ஏதாவது ஒரு ஆப்பின் எழுதும் அனுமதியை அணைத்துவிடுங்கள். நானாக இருந்தால் ஸ்ட்ராவாவின் அனுமதியை அணைப்பேன்; அளந்த கருவியிலிருந்து நேராக வருவதே நல்லது.

கேள்வி: வாட்சில் 10.02 கிலோமீட்டர், வேறொரு ஆப்பில் ஏற்றினால் 9.94. எது சரி சார்?

எந்த ஃபைலை ஏற்றினீர்கள் என்பதில்தான் விஷயம். வாட்ச் தானே எழுதும் ஃபிட் (.fit) ஃபைலில் அது கணக்கிட்ட தூரமே எழுதப்பட்டிருக்கும். ஓடிய பாதையைப் புள்ளிகளாக வைக்கும் ஜிபிஎக்ஸ் (.gpx) ஃபைலைத் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். அவ்வளவுதான். தூரம் என்று தனியாக ஒன்று கிடையாது. இதயத் துடிப்புகூட ஒட்டுச் சேர்க்கையாகத்தான் வரும். வாங்குகிற ஆப் புள்ளிக்குப் புள்ளி கோடு போட்டுத் தானே கூட்டிக்கொள்கிறது. வளைவுகள் வெட்டுப்படும், கொஞ்சம் குறையும். டிரெட்மில் ஓட்டத்தை ஜிபிஎக்ஸில் எடுத்தால் சுத்தமாக ஒன்றும் மிஞ்சாது. ஃபிட் கிடைக்கிற இடத்தில் ஜிபிஎக்ஸைத் தொடாதீர்கள்.

உயரக் கணக்கும் அப்படியே. காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் பாரோமீட்டர் உள்ள கருவி என்று தெரிந்தால் ஸ்ட்ராவா அதன் அளவை நம்பும்; இல்லையென்றால் தன் வரைபடத்தை வைத்துத் திரும்பக் கணக்கிடும். வரைபடம் தரையின் உயரத்தைத்தான் பார்க்கும் என்பதால் மேம்பாலம் ஏறியவர்களுக்கு இதில் நிறைய வருத்தம் உண்டு.

கேள்வி: கார்மினிலிருந்து ஆப்பிளுக்குப் போகிறது, ஆப்பிள் வாட்ச் ஓட்டம் கார்மினுக்கு வர மாட்டேன் என்கிறதே?

தொழில்நுட்பத்தால் முடியாதது அல்ல, வியாபார முடிவு. வாட்ச் விற்கிற கம்பெனி, போட்டிக் கம்பெனி வாட்சின் டேட்டாவுக்கு ஏன் வாசல் திறந்து வைக்கப் போகிறது? ஃபைலாக எடுத்துக் கையால் ஏற்றலாம், பட்டியலில் சேரும். ஆனால் விஓ2 மேக்ஸ் (உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு) போன்ற கணக்குகளை வாட்ச் ஓட்டத்தின்போதே போடுகிறது. வெளியிலிருந்து வந்த ஃபைல் அதை அசைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டில், ஆப்களுக்கு இடையே ஹெல்த் டேட்டாவைப் பகிரும் ஹெல்த் கனெக்ட்டுடன் புது ஆப்பை இணைத்தேன். ஒரு மாத ஒர்க்அவுட்தான் வந்தது. பழையது அழிந்துவிட்டதா?

அழியவில்லை. அனுமதி கொடுத்த நாளிலிருந்து பின்னோக்கி 30 நாள் வரைதான் ஒரு ஆப் வழக்கமாகப் படிக்க முடியும். அதற்கு முந்தையதற்குத் தனி அனுமதி உண்டு. அந்த ஆப் அதைக் கேட்டிருக்காது. முன்பு இந்த வேலையைச் செய்த கூகுள் ஃபிட்டின் கதவு 2024 மே மாதமே புது டெவலப்பர்களுக்கு மூடிவிட்டது. ஆண்ட்ராய்டு 14 முதல் போனிலேயே வரும் ஹெல்த் கனெக்ட்தான் இனி வழி. ஒன்று கவனியுங்கள்: அதன் டேட்டா இருப்பது உங்கள் போனுக்குள். போனை மாற்றும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோச் வைத்திருந்த ஆப்பில் எங்கள் எல்லோருடைய ஸ்ட்ராவா ஓட்டமும் தெரியும். திடீரென்று மறைந்துவிட்டது.

2024 நவம்பரில் ஸ்ட்ராவா விதியை மாற்றியது. வெளி ஆப்கள் டேட்டா எடுப்பதற்கென்று அது வைத்திருக்கும் ஏபிஐ வழியாக எடுத்த டேட்டாவை, வெளி ஆப்கள் அதற்குச் சொந்தக்காரருக்கு மட்டும்தான் காட்டலாம். ஏஐ பயிற்சிக்கும் பயன்படுத்தக் கூடாது. பிரைவசி என்று பார்த்தால் நியாயம்தான், ஆனால் நாமே விரும்பிக் கோச்சுக்குக் காட்டியதும் சேர்த்து அடிபட்டது எனக்கு உடன்பாடில்லை. வாட்ச் கம்பெனியின் கணக்கை நேராகக் கோச்சின் ஆப்புடன் இணைக்க முடிகிறதா பாருங்கள்.

கேள்வி: ஸ்ட்ராவாவில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியுமா?

அழியாது. ஒவ்வொன்றும் தனி நகல். ஓட்டம் தொடங்கும் வீட்டு வாசலை ஸ்ட்ராவா வரைபடத்தில் மறைத்திருந்தாலும் கார்மினில் இருக்கும் நகலுக்கு அது தெரியாது. இணைப்பைத் துண்டித்தாலும் புதிதாகப் போவது நிற்கும், போனது போனதுதான்.

கேள்வி: சர்வரே படுத்துவிட்டால்?

2020 ஜூலையில் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலால் கார்மின் கனெக்ட் சில நாள் முடங்கியது. ஓட்டங்கள் வாட்சிலேயே பத்திரமாக இருந்தன. விவரம் தெரிந்தவர்கள் வாட்சை யுஎஸ்பியில் செருகி, கார்மின் ஃபோல்டருக்குள் ஆக்டிவிட்டி ஃபோல்டரைத் திறந்து, ஃபிட் ஃபைலை நேராக ஸ்ட்ராவாவில் ஏற்றினார்கள். கனெக்ட் எழுந்த பிறகும் கவலையில்லை: அதே ஃபைல் இரண்டாம் முறை வந்தால் டூப்ளிகேட் என்று ஸ்ட்ராவா திருப்பி அனுப்பிவிடும்.